திரும்பி வந்த மெயிலும் இருபத்தஞ்சு தேங்காய் பன்னும்

முப்பத்தொரு வருஷமாகப் பார்சல் ஆபீசில் உட்கார்ந்திருப்பவளுக்கு, ஒரு பொருளை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அனுப்புவதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த நினைப்பு மண்ணைக் கவ்வியது. கவ்வியதும் நல்லதற்குத்தான்.

என் பேர் விமலாராணி. சோமனூரில் ஒரு லாரி பார்சல் ஆபீசில் புக்கிங் நான்தான். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்னால் என் மேஜை, அதன் மேல் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் எடை மிஷின், பின்னால் வெளுக்காத காடாத் துணிக் கட்டுகள் அடுக்கிய குடோன், அவ்வளவுதான். அக்கம்பக்கத்து விசைத்தறிக் கூடங்களிலிருந்து வருகிற துணியெல்லாம் நான் எல்.ஆர். போட்டால்தான் லாரி ஏறும். எல்.ஆர். என்பது லோடைப் பெற்றுக்கொண்டதற்கு நாங்கள் எழுதித் தரும் ரசீது. எனக்குக் கோபம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். வரும். எழுபது கிலோக் கட்டை அறுபது என்று என் மூஞ்சிக்கு நேராகச் சொல்பவனைப் பார்த்துப் புன்னகை செய்ய நான் என்ன கோயில் சொரூபமா?

அன்றைக்கு இரண்டரை மணிக்கு ராசாத்தாள் வந்தாள். வந்தாள் என்று சொன்னால் போதாது. ரோட்டு முனையில் தலை தெரிந்தது, அடுத்த நிமிஷம் என் மேஜைக்கு முன்னால் நின்றாள். அவள் நடை அப்படி.

ராசாத்தாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் ஆபீசுக்குப் பின் சந்தில் இருக்கிற காளிச்சாமி அண்ணனின் தறிக்கூடத்தில் எட்டுத் தறி பார்க்கிறாள். நூல் அறுந்த தறிக்கும் ஊடை நூல் ஓட்டும் நாடா நின்ற தறிக்கும் இடையே வாழ்நாளெல்லாம் ஓடிக்கொண்டிருந்தவளுக்கு, மூன்று வருஷத்துக்கு முன்னால் வேக நடைப் போட்டி என்று ஒன்று இருப்பது தெரிந்தது. ஓடக் கூடாது, நடக்க வேண்டும். ஆனால் ஓடுகிறவனைவிட வேகமாக நடக்க வேண்டும். இடுப்பை ஒடித்து ஒடித்து அவள் பழகுவதைப் பார்த்து, "ஏனம்மிணி, வயிறு சரியில்லையா, இத்தனை அவசரமாப் போறே?" என்று நானே கிண்டல் பண்ணியிருக்கிறேன். போன வருஷம் மாநில அளவிலான மூத்தோர் தடகளப் போட்டியில் மூன்றாவதாக வந்து வெண்கலம் வாங்கினாள். காளிச்சாமி அண்ணன் ஃப்ளெக்ஸ் வைத்தார். அதில் ராசாத்தாள் படம் சின்னது, அவர் படம் பெரிது.

இந்த வருஷப் போட்டி திண்டுக்கல்லில். விண்ணப்பத்தை மெயிலில்தான் அனுப்ப வேண்டும், தபாலோ வாட்ஸப்போ செல்லாது என்று மூத்தோர் தடகளச் சங்கத்தின் செயலாளர் சுற்றறிக்கை போட்டிருந்தார். ராசாத்தாளுக்கு மெயில் கிடையாது. அதனால் எங்கள் ஆபீஸ் மெயிலைக் கொடுத்திருந்தாள், சுற்றறிக்கையும் எனக்குத்தான் வந்தது. வந்து பதினைந்து நாளாகியும், வயதுக்கு அத்தாட்சி தேடி அவிநாசியில் அவள் படித்த பள்ளிக்கூடத்துக்கு மூன்று நடை போய்வந்து, கடைசி நாள் மத்தியானம்தான் எல்லாம் கைக்கு வந்தது. கெடு மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

"அக்கா, எல்லாம் இருக்குதுங்க. விண்ணப்பப் பாரம், டி.சி., போட்டோ. நீங்கதான் எப்படியாச்சும் அனுப்பிப்போடோணும்," என்றாள். கையில் இருந்த பிளாஸ்டிக் கவரை மேஜைமேல் வைத்தாள்.

"உக்காரு. இது எனக்கு ஒரு வேலையா?" என்றேன்.

மூன்றையும் ஸ்கேன் எடுத்தேன். சுற்றறிக்கையில் இருந்த செயலாளரின் மெயில் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டினேன். மூன்று ஃபைலையும் இணைத்தேன். விஷயம் என்ற இடத்தில் 'ராசாத்தாள், சோமனூர், வேக நடை' என்று போட்டுவிட்டு, அனுப்பு என்பதை அழுத்தினேன். மணி இரண்டு ஐம்பது.

"போயிருச்சு," என்றேன்.

ராசாத்தாள் எட்டிப் பார்த்தாள். அனுப்பியவை என்ற பகுதியை நான் திறந்து காட்டினேன். அவள் முகம் சுருங்கியது.

"போயிருச்சுங்கறீங்க, இங்கயே கெடக்குதேங்க்கா?"

இதுதான் எனக்கு ஆகாது. ஆனாலும் பொறுமையாக எல்.ஆர். புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் போட்டேன். "இத பாரு. வெள்ளைத் தாளு அனுப்பறவங்களுக்கு. ரோஸ் தாளு வாங்கறவங்களுக்கு. மஞ்சத் தாளு நம்ம புஸ்தகத்துலயே இருக்கும். லோடு போனா மஞ்சத் தாளு கூடவே ஓடிப்போயிருமா? அது மாதிரிதான் இது. நம்ம காப்பி."

"அட, அப்படீங்களா!" என்றாள் ராசாத்தாள். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அந்த நேரம் பார்த்து டிங் என்று ஒரு சத்தம். புது மெயில். அனுப்பி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முழுக்க இங்கிலீஷில் இருந்தது. மேலே நான் போட்ட 'ராசாத்தாள், சோமனூர்' தெரிந்தது.

இந்த இடத்தில் எங்கள் தொழில் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். லோடு போய்ச் சேர்ந்ததும் அந்த ஊர் ஆபீசிலிருந்து டெலிவரி சீட்டு திரும்பி வரும். அதை ஒருவரும் படிப்பதில்லை. சீட்டு வந்தால் சரக்கு சேர்ந்தது என்று அர்த்தம். சீல் குத்துவோம், ஃபைலில் கோப்போம், அடுத்த வேலையைப் பார்ப்போம். முப்பத்தொரு வருஷத்தில் நான் கோத்த சீட்டுகளை அடுக்கினால் குடோன் கூரையை முட்டும். கை தானாகவே அந்த மெயிலை பிரிண்ட் எடுத்தது, சீல் குத்தியது, ஃபைலில் கோத்தது.

"சேந்துருச்சு அம்மிணி! ரசீதே வந்துருச்சு!"

ராசாத்தாள் எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்து எடை மிஷினைச் சுற்றி ஒரு ரவுண்டு நடந்தாள். மிஷின் முள் அவள் காலடியில் அசைந்தது. "நெசமாவாங்க்கா? ஒரு நிமிசத்துலயா?" என்று கண் கலங்கிச் சிரித்தாள். வாழ்க்கையில் பிள்ளைகளுக்கு, புருஷனுக்கு, தறிக்கு என்று இல்லாமல் அவளுக்கென்று அவள் கேட்ட ஒரே விஷயம் இந்த நடை. பேக்கரிக்கு ஆள் விட்டு இருபத்தைந்து தேங்காய் பன் வாங்கி வரச் சொன்னேன். லோடு ஏற்றுகிறவர்கள், பக்கத்து டீக்கடைக்காரர், காடாத் துணி கொண்டுவந்தவர்கள் எல்லாரும் தின்றார்கள். எதற்கு என்று தெரியாமலேயே இரண்டு பேர் ராசாத்தாளுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

மூன்றே முக்காலுக்குக் காளிச்சாமி அண்ணன் வந்தார். வேஷ்டியை மடித்துக் கட்டியிருந்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தது.

"ஏனுங்க அம்மணி, எட்டுத் தறி ஒரு மணி நேரமா நிக்குதுங்க. இங்க என்ன நோம்பியா?"

"ஆமாங்ணா, நோம்பிதான். பன்னு எடுத்துக்குங்க. ராசாத்தா பேரு சேந்துருச்சு."

அவர் பன்னை எடுத்துக்கொண்டார். ஆனால் நம்பவில்லை. காளிச்சாமி அண்ணன் எதையும் நம்ப மாட்டார். கரண்ட் பில்லை அச்சடித்த பிரஸ் பேர் வரைக்கும் படிக்கிற ஆள். "மூணு நாள் லீவு குடுக்கோணும்னா காகிதத்தைக் கண்ணுல காட்டுங்க பாக்கலாம்," என்றார்.

ஃபைலிலிருந்து உருவிக் கொடுத்தேன். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, பன்னைக் கடித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தார். முதல் வரி, இரண்டாவது வரி என்று விரல் நகர்ந்தது. மூன்றாவது வரியில் பன் நின்றுவிட்டது.

"அம்மணி, இதுல இன்பாக்ஸ் ஃபுல்லுன்னு போட்டிருக்குதே."

"என்னது?"

"என்ற போனுலயும் இதே எழுத்துதானுங்க வருது. பேரன் பொறந்தநாளு வீடியோவெல்லாம் ரொம்பிப்போயி, இனி எடமில்லீன்னு. அதே வார்த்தைதான். நீங்களே பாருங்க."

பிடுங்கிப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். படிக்கத் தெரிந்தும் படிக்காதவளுக்கு என்ன பேர் வைப்பது? 'உங்கள் செய்தியைக் கொடுக்க முடியவில்லை. பெறுபவரின் பெட்டி நிரம்பியுள்ளது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதன்மேல் என் நீலச் சீல், பெறப்பட்டது என்று.

ராசாத்தாள் கையில் இருந்த பாதிப் பன்னைத் தாளில் சுற்றி மேஜை ஓரத்தில் வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு என்மேல் வந்த கோபத்தில் சீல் குத்துகிற கட்டையைத் தூக்கி வீசலாம் போல இருந்தது.

மணி நாலு. செயலாளர் நம்பருக்கு ஃபோன் போட்டேன். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது. மறுபடியும் போட்டேன். அதே பதில். கடைசி நாளில் ஊரே அவருக்குத்தான் ஃபோன் போடுகிறது போல.

இனி ஒரே ஆள்தான். கோயம்புத்தூர் ஹெட் ஆபீசில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் யுவஸ்ரீ. போன மாதம் அவள் மெயில் பற்றி ஏதோ விளக்க வந்தபோது, "நீ பொறக்கறதுக்கு முந்தி நான் லோடு அனுப்பீட்டு இருக்கறேன்" என்று சொல்லிப் பட்டென்று ஃபோனை வைத்தவள் நான். இப்போது அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவளிடமே போக வேண்டும். கௌரவம் பார்க்க நேரமில்லை, ஐம்பத்தொன்பது நிமிஷம்தான் பாக்கி. போட்டேன்.

"யுவஸ்ரீ, நான் சோமனூர் விமலா. போன மாசம் பேசினது தப்பு. இப்ப அவசரம், உதவி பண்ணு."

"அக்கா, உங்களுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?" என்றாள் பயந்துபோய்.

விஷயத்தைச் சொன்னேன். நல்ல பெண். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை.

"அக்கா, மெயிலு நேரா அவரோட கம்ப்யூட்டருக்குப் போறதில்லீங்க. நம்ம பக்கம் ஒரு சர்வர், அவிய பக்கம் ஒரு சர்வர். நம்முளுது கொண்டுபோயி அவிய வாசல்ல குடுக்கும். அங்க எடமில்லீன்னா, இந்தாங்க உங்க சரக்குன்னு திருப்பி உட்டுரும். உங்களுக்கு வந்த லெட்டரு மெஷினு எழுதறதுங்க. மனுசரு எழுதறதில்லீங்க."

"குடோன் ஃபுல்லு. இறக்க எடமில்ல. வண்டி திரும்பிருச்சு. அதானே?"

"அதேதானுங்க்கா!"

எத்தனை எளிதாக இருக்கிறது! போன மாதமே கேட்டிருக்கலாம். "சரி, வண்டி திரும்பினது அந்த செயலாளருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. அனுப்பினவங்களுக்கு மட்டுந்தான் தகவல் வரும். அவர் பாட்டுக்கு, இன்னிக்கு ஏன் யாருமே அனுப்பலைன்னு நெனச்சுட்டு உக்காந்திருப்பாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஒரு வண்டி மட்டும் திரும்பியிருக்காது. கடைசி நாளில் தமிழ்நாடு முழுக்க ஆளாளுக்குப் பெரிய பெரிய போட்டோவாக அனுப்பித்தான் அந்தப் பெட்டி நிரம்பியிருக்கும். நிரம்பிய பிறகு அனுப்பிய ஒவ்வொருவருக்கும் அதே இங்கிலீஷ் சீட்டு போயிருக்கும். அதில் எத்தனை பேர் என்னைப் போல் படிக்காமல் விட்டு, இந்நேரம் எந்தெந்த ஊரில் பன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களோ!

"அக்கா, அந்த சுற்றறிக்கை மெயிலைத் தொறங்க. அது யார் யாருக்குப் போயிருக்குன்னு மேல இருக்கும்," என்றாள் யுவஸ்ரீ.

திறந்தேன். அம்மாடி! நாற்பத்தேழு முகவரி. மாவட்டச் சங்கங்கள், வீரர்கள், வீராங்கனைகள், பொருளாளர் ரெபேக்கா, எல்லாரும் வரிசையாக நின்றார்கள்.

"ரெண்டு வழி இருக்குங்க்கா. பொருளாளருக்கு மட்டும் தனியா ஒரு மெயில் போடலாம். இல்லீன்னா எல்லாருக்கும் பதில்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினா நாப்பத்தேழு பேருக்கும் ஒரே நேரத்துல போகும். பாத்து யோசிச்சு அழுத்துங்க. அழுத்தினா திருப்பி எடுக்க முடியாது."

ஃபோனை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். காளிச்சாமி அண்ணன் எடை மிஷின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முள் எண்பத்தொன்றில் நின்றது.

"இதுல யோசிக்க என்னங்க இருக்குது? அந்தப் பொருளாளரம்மாளுக்கு மட்டும் கமுக்கமா அனுப்பிப்போடுங்க," என்றார். "எல்லாருக்கும் எதுக்குங்க தண்டோரா? அத்தனை பேரும் ஒரே நேரத்துல அந்தம்மா பொட்டில போட்டா அதும் ரொம்பிப்போகும். அப்பறம் நம்முளுதும் போச்சு. இன்னொண்ணும் சொல்றேன் கேளுங்க. மத்தவிய பாரம் போகலீன்னா நமக்கென்ன நட்டம்? ஆளு கொறஞ்சா பதக்கம் நிச்சயம். போன வருசம் மாதிரி இந்த வருசமும் ஃப்ளெக்ஸ் வெச்சுப்போடலாம்."

சொன்னது கெட்ட எண்ணத்தில் அல்ல. அவர் வியாபாரம் செய்கிறவர், அப்படித்தான் யோசிப்பார். எனக்கு மறுப்பு இருந்தது. ஒரு ஊர் குடோன் நிரம்பிவிட்டால் எங்கள் தொழிலில் முதல் காரியம், எல்லா ஆபீசுக்கும் தகவல் சொல்வதுதான். அந்த ஊருக்கு லோடு ஏற்றாதே என்று போட்டிக் கம்பெனிக்காரனுக்குக்கூடச் சொல்வோம். சொல்லாதவனை மனுஷனாகவே மதிக்க மாட்டோம். ஆனால் இது என் லோடு இல்லை. ராசாத்தாளின் லோடு. சேராமல் போனால் அழப்போவது அவள். அதனால் வாழ்க்கையிலேயே அபூர்வமாக, வாயை மூடிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

ராசாத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஓனருங்க, போன வருசம் நான் மூணாவது வந்தேனில்லீங்க?"

"ஆமா, வெண்கலம். ஊருக்கே தெரியுமே."

"மொத்தமே மூணு பேருதானுங்க நடந்தோம்."

காளிச்சாமி அண்ணன் எடை மிஷினிலிருந்து எழுந்துவிட்டார்.

"ரெண்டாவது வந்தவ தண்ணி குடிச்சு, துண்டுல மொகத்தைத் தொடச்சுட்டு நின்னதுக்கப்பறம் நான் போய்ச் சேந்தேன். கடசீயா வந்தவளைக் கூப்பிட்டு மேடை ஏத்தி மெடலு போட்டாங்க. இங்க வந்தா மாலை, ஃப்ளெக்ஸு. வெளீல சொல்ல வெக்கமாப் போச்சுங்க. சொல்லோணும் சொல்லோணும்னு ஒரு வருசமா நெஞ்சுக்குள்ளயே கெடக்குது." அவள் நிமிர்ந்தாள். "அதுக்குத்தானுங்க ஒரு வருசமா விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு நடக்கறேன். யாருமே வராத எடத்துல இன்னொருக்கா மெடலு வாங்கறதுக்கு இல்லீங்க. அக்கா, எல்லாருக்கும் போடுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்? மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீபோர்டை இழுத்தேன். அந்தக் காலத்தில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள் நான். விரல் பறந்தது. எழுதியது அப்படியே இது:

'அனைவருக்கும் வணக்கம். சோமனூர் பார்சல் ஆபீசிலிருந்து விமலாராணி எழுதுகிறேன். செயலாளர் ஐயாவின் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது. அது அவருக்குத் தெரியாது. இன்று நீங்கள் அனுப்பிய விண்ணப்பம் சேராமல் இருக்கலாம். அனுப்பிய உடனே இங்கிலீஷில் ஒரு பதில் வந்திருந்தால் அது ரசீது அல்ல. தயவுசெய்து படித்துப் பாருங்கள். நான் படிக்காமல் சீல் குத்தினேன். செயலாளர் ஐயாவை நேரில் பிடிக்கக்கூடியவர்கள் யாராவது இருந்தால் உடனே சொல்லுங்கள். ஐந்து மணிக்குள் எல்லாருக்கும் ஒரு வழி செய்யுங்கள். ராசாத்தாள், வயது 52, ஐயாயிரம் மீட்டர் வேக நடை. அவருடைய விண்ணப்பம் இதோடு இருக்கிறது. இப்போது மணி நாலு இருபத்தேழு.'

"மூணு ஃபைலையும் சேத்துட்டீங்களாங்க்கா?" என்றாள் யுவஸ்ரீ.

சேர்க்கவில்லை! நல்லவேளை கேட்டாள். இதோடு இருக்கிறது என்று எழுதிவிட்டு ஒன்றும் இல்லாமல் அனுப்பியிருந்தால், வெறும் லாரி போய் நின்றிருக்கும். சேர்த்தேன். போட்டோவைச் சின்னதாக்கச் சொன்னாள், ஆக்கினேன். ராசாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாருக்கும் பதில் என்பதை அழுத்தினேன்.

டிங். முதலில் வந்தது அதே மெஷின் சீட்டு, செயலாளர் பெட்டியிலிருந்து. இந்தத் தடவை தலைப்பிலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்தேன். காளிச்சாமி அண்ணன் தோளுக்கு மேலே குனிந்து இன்னொரு தடவை படித்தார்.

டிங். 'சம்பந்தமில்லாமல் எனக்கு ஏன் அனுப்புகிறீர்கள்?' என்று ஒரு மாவட்டத்துக்காரர். பதிலுக்கு நாலு வரி தட்ட ஆரம்பித்தேன். ராசாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிங். 'எனக்கும் திரும்பியிருக்கிறது! இப்போதுதான் பார்த்தேன்! வேங்கடசாமி, சம்மட்டி எறிதல், வயது 68.'

டிங். டிங். 'என்னுடையதும்.' 'எங்கள் கிளப்பில் ஆறு பேருடையதும்.' 'அம்மா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.' கிணத்துக்கடவிலிருந்து ஒன்று, தென்காசியிலிருந்து ஒன்று. லோடு ஏற்றுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொரு டிங்குக்கும் நான் சத்தமாகப் படித்தேன், அவர்கள் ஓ என்று கத்தினார்கள். டீக்கடைக்காரர் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். ஆனாலும் செயலாளரைப் பிடித்தேன் என்று யாரும் எழுதவில்லை. நாலு நாற்பது. நாலு நாற்பத்தைந்து. ராசாத்தாள் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு டிங்.

'பொருளாளர் ரெபேக்கா எழுதுகிறேன். செயலாளர் காலையிலிருந்து மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார், மெயிலையே திறக்கவில்லை. அங்கே இருந்த பயிற்சியாளரின் ஃபோனில் பிடித்துவிட்டேன். பெட்டியைக் காலி செய்துகொண்டிருக்கிறார். திரும்பி வந்தவர்கள் எல்லாரும் நாளை மதியம் பன்னிரண்டு மணி வரை மறுபடியும் அனுப்பலாம். சோமனூர் ராசாத்தாள் விண்ணப்பம் என்னிடம் கிடைத்தது, பெயர் ஏற்கப்பட்டது. இது மெஷின் எழுதியது அல்ல, நான் எழுதியது.'

கடைசி வரியை நான் படித்து முடிக்கவில்லை, ஆபீசே அதிர்ந்தது. யுவஸ்ரீ ஸ்பீக்கரில் விசில் அடித்தாள். ஹெட் ஆபீசில் உட்கார்ந்து விசில் அடித்ததற்கு அவளைத் திட்டியிருக்க வேண்டும். நானும் கத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் போட்டியாளர் பட்டியல் வந்தது. தறியை நிறுத்திவிட்டு ராசாத்தாள் வந்தாள். தறி நின்றதைக் கேட்டுவிட்டுக் காளிச்சாமி அண்ணனும் வந்தார். பெண்கள், ஐம்பது முதல் ஐம்பத்துநாலு வரை, ஐயாயிரம் மீட்டர் வேக நடை என்ற இடத்துக்கு வந்ததும் நான் விரல் வைத்து எண்ணினேன்.

"பதினொண்ணு," என்றேன்.

"எத்தனைங்க்கா?"

"பதினோரு பேரு அம்மிணி. நீ ஏழாவது வரிசைல இருக்கறே."

"இன்னொருக்கா எண்ணுங்க."

எண்ணினேன். பதினொன்றுதான். காளிச்சாமி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கூட்டியாந்துட்டீங்க ரெண்டு பேரும். ஏனம்மிணி, மூணு பேர்ல மூணாவது வந்தவ, பதினோரு பேர்ல எத்தனாவதும்மா வருவே?"

ராசாத்தாள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை மெடல் வாங்கி வந்த அன்றுகூட நான் பார்த்ததில்லை.

"தெரியாதுங்க ஓனரு!" என்றாள். "எனக்கே தெரியாதுங்க!"

சொல்லிவிட்டு அவள் தறிக்குத் திரும்பிப் போகவில்லை. ரோட்டில் இறங்கி, அந்த உச்சி வெயிலில், இடுப்பை ஒடித்து ஒடித்து நடக்க ஆரம்பித்தாள். காளிச்சாமி அண்ணன் கூப்பிட வாயெடுத்தார், பிறகு என்ன நினைத்தாரோ, தறியைத் தானே போய்ப் பார்த்துக்கொண்டார்.